ஈறு வளர்த்த மாத்திரை

முக்கூடலில் சுளவை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்த சித்திக்குப் பல் வலியெல்லாம் கிடையாது. "பல்லு சின்னதாயிட்டே போவுதுல" என்பதுதான் புகார். வாயைத் திறந்து காட்டினாள். பல் தேயவில்லை. முன்பற்களின் இடுக்கில் வெள்ளரி விதை பருமனுக்கு ஈறு உருண்டு எழும்பி, பாதிப் பல்லை மூடியிருந்தது. உப்புத் தண்ணீர், கிராம்பு, வேலங்குச்சி எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

பாளையங்கோட்டையில் பல் டாக்டர் முதலில் கேட்டது பல்லைப் பற்றியே அல்ல. "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுதிய?" பர்ஸிலிருந்து வந்தது பிரஷர் மாத்திரை அட்டை: அம்லோடிபின்.

ஈற்றை வளர்க்கும் மருந்துகள் முக்கியமாக மூன்று வகை. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின், நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற சில பிரஷர் மாத்திரைகள். ஃபெனிட்டாயின் 1938இல் புழக்கத்துக்கு வந்தது. மறு வருஷமே கிம்பால் என்ற அமெரிக்க மருத்துவர் ஈறு வளர்வதை எழுதிவிட்டார். ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது வரும். அம்லோடிபினில் வெகு சிலருக்குத்தான். சித்தி அந்தச் சிலரில் ஒருத்தி.

ஈற்றில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் நாளும் உருவாகிறது, நாளும் கரைகிறது. இந்த மருந்துகள் செல்லுக்குள் ஃபோலிக் அமிலம் போவதைக் குறைக்கின்றன என்று கருதுகிறார்கள். கரைக்கும் நொதி மந்தமாகிறது. கொத்தனார் வேலையை நிறுத்தவில்லை, இடிக்கிற ஆள் மட்டும் லீவு. பல்லில் அழுக்குப் படிந்திருந்தால் வளர்ச்சி இன்னும் மோசம். பல்லே இல்லாத இடத்தில் பெரும்பாலும் ஈறு இப்படி வளர்வதில்லை.

சித்தி அன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போடப் பார்த்தாள். அதுதான் ஆபத்து. பிரஷர் எகிறும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டாலோ, நிற்காத வலிப்பில் உயிரே போகலாம். மாற்றுவது மருந்து எழுதிய டாக்டரின் வேலை. அவர் டெல்மிசார்ட்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். பல் டாக்டர் காறையைச் சுரண்டி எடுத்தார். சில மாதங்களில் ஈறு இறங்கியது. இறங்காமல் கெட்டித்துப்போனால் வெட்டி எடுப்பார்கள். வெட்டினாலும், அதே மருந்தும் அழுக்கும் தொடர்ந்தால் திரும்ப வளரும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் இப்போது பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். மாத்திரை வருகிற அன்றைக்குத் தெருவில் யார் கையில் மாத்திரை அட்டையைக் கண்டாலும், சித்தி சுளவை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறாள்: "எங்கட்டி, வாயத் தொற பாப்போம்."