வானத்துப் படமும் வரப்போரக் கல்லும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. புவியியல்

சென்ற ஆண்டு எங்கள் ஊர் வாய்க்காலைத் தூர்வாருவதற்கு முன், வரைபடம் எடுப்பதற்காக ஆளில்லாச் சிறு விமானம் ஒன்று வந்தது. ‘டிரோன்’ என்று இன்று சிறுவரும் அறிந்த பொருள்தான். அரைமணி நேரம் வண்டுபோல் ரீங்கரித்துவிட்டுப் போய்விட்டது. சில வாரங்களில் படம் வந்தது. எங்கள் வைக்கோற்போரின் நிழல்கூட அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பழைய புலப்படத்தின் கோடுகளை அதன்மேல் பொருத்தியபோது, எங்கள் வடக்கு வரப்பு ஒன்றரை மீட்டர் பெரியப்பாவின் நிலத்துக்குள் கிடந்தது! அன்று மாலையே பெரியப்பா வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டனர். என் தந்தையார் எழுத்தறியாதவர். “நீதான் படிக்கிறவனாச்சே, போட்டோ பொய் சொல்லுமாடா?” என்று என்னைக் கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் நூலகத்தில் தேடியும் துறை ஆசிரியர்களைக் கேட்டும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் பறக்கும் உயரத்தைப் பார்ப்போம். படம் என்பது எண்ணற்ற படப்புள்ளிகளின் தொகுப்பு. ஒரு படப்புள்ளி தரையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதுவே படத்தின் நுணுக்கம். நில அளவையில் பரவலாகப் பயன்பட்ட ஒருவகைக் கேமராவின் குவியத் தூரம் 8.8 மில்லிமீட்டர், படம் பதியும் தகட்டின் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அகலவாக்கில் 5472 படப்புள்ளிகள். வடிவொத்த முக்கோணக் கணக்கைப் போட்டால், 100 மீட்டர் உயரத்தில் ஒரு படம் 150 மீட்டருக்கு 100 மீட்டர் நிலத்தைக் கவரும். ஒரு படப்புள்ளி 2.7 சென்டிமீட்டர். 60 மீட்டருக்கு இறங்கினால் அது 1.6 சென்டிமீட்டராகும்.

அப்படியானால் தாழப் பறந்தால் துல்லியம் கூடிவிடுமே என்ற ஐயம் எழலாம். அங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். தெளிவு வேறு, துல்லியம் வேறு. வைக்கோற்போர் தெளிவாகத் தெரிவதாலேயே அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

தாழப் பறப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி ஒரு புள்ளியின் இடத்தைக் கண்டறிய, அப்புள்ளியைப் பல படங்களில் பல கோணங்களிலிருந்து காணவேண்டும். நம் இரு கண்களும் தூரத்தை உணர்வது போலத்தான். ஆகவே படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுப்பர். முன்பின்னாக 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 விழுக்காடு என்பது வழக்கமான அமைப்பு. 100 மீட்டர் உயரத்தில் இது 20 மீட்டருக்கு ஒரு படமும், 45 மீட்டருக்கு ஒரு பறப்புத் தடமும் ஆகும். ஆனால் இந்த விழுக்காடு தரைக்கே பொருந்தும். கீழே 20 மீட்டர் உயரத் தென்னந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம் 40 மீட்டரில் பறந்தால், மட்டைகளுக்கும் கேமராவுக்கும் இடைவெளி 20 மீட்டர்தான். மட்டைகளின் உயரத்தில் 80 விழுக்காடு 60 ஆகிவிடும். பக்கவாட்டு 70, 40 ஆகிவிடும். காற்றில் மட்டைகள் வேறு ஆடும். தோப்பின் விளிம்பெல்லாம் மெழுகுபோல் உருகி வழிந்த படமே மிஞ்சும். தோப்புக்கு மேலே உயரப் பறப்பதே அறிவுடைமை. ஆனால் நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, தடையற்ற பகுதியிலும் 120 மீட்டருக்குமேல் அனுமதியின்றிப் பறக்க இயலாது.

வேகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நொடிக்கு 10 மீட்டர் பறக்கும்போது கேமராவின் கண் நொடியில் 200இல் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் விமானம் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; படம் குழையும். 1000இல் ஒரு பங்கு என்றால் 1 சென்டிமீட்டர்தான். மங்கிய மாலையில் கண்ணை அவ்வளவு விரைவாக மூட வெளிச்சம் போதாது. ஆகையால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மட்டம் பார்ப்பதில்தான் பெரிய ஆபத்து. நேர்கீழாக எடுத்த படங்களை மட்டுமே வைத்துக் கணக்கிட்டால், லென்ஸின் வளைவில் உள்ள சிறு பிழையைக் கணினி நிலத்தின் தலையில் ஏற்றிவிடக்கூடும். சமமான வயல், கும்பாவைக் கவிழ்த்தாற்போல் நடுவில் மேடிட்டுக் காட்சி தரும். சமவெளி வாய்க்காலின் சரிவோ மிகக் குறைவு. 20 சென்டிமீட்டர் பிழை நீரைப் பின்னோக்கி ஓடவைத்துக் காட்டிவிடும். அதை நம்பி மண்ணை வெட்டினால் கடைமடைக்காரர் கதி என்ன? சில படங்களைச் சாய்கோணத்தில் எடுப்பதும், குறுக்காக ஒருமுறை பறப்பதும் இதனைப் பெரிதும் தணிக்கும். ஒரு வேடிக்கை: செயற்கைக்கோள் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததன்று. அதைத் திருத்தாமல் எழுதினால், சென்னைக் கடற்கரையில் நிற்பவர் கடலுக்கு 80 மீட்டருக்கும் கீழே நிற்பதாக ஆகும்!

இனி எங்கள் வரப்புக்கு வருவோம். விமானத்திலுள்ள சாதாரணச் செயற்கைக்கோள் கருவி தன் இருப்பிடத்தைச் சில மீட்டர் பிழையுடன்தான் அறியும். ஆகவே தரையில் குறிப்பலகைகள் பதித்து, அவற்றின் இடத்தை உயர்தரக் கருவியால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அளந்து, படத்தை அவற்றோடு கட்டிப்போட வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் இவை இருப்பது நலம். கணக்கில் சேர்க்காத சில புள்ளிகளைத் தனியே வைத்து, அவை படத்தில் எங்கே விழுகின்றன என்று சோதிக்கவும் வேண்டும். தன் விடைத்தாளைத் தானே திருத்துவது தேர்வாகாது அல்லவா? 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் லாம்டன் என்பார் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். நாட்டையே முக்கோணங்களாகப் பின்னத் தொடங்கியவருக்கும் முதல் அளவு மண்ணின்மேல்தான். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24இல் தொடங்கிய ‘சுவாமித்வா’ திட்டத்தில், டிரோன் படங்களைக் கொண்டு கிராம வீட்டுமனைகளுக்கு உரிமை ஆவணம் தருகிறார்கள். அங்கும் தரையில் நிலையாக நிறுவிய நிலையங்களே படத்துக்குப் பிடிமானம்.

எங்கள் ஊரில் அன்று ஒரு குறிப்பலகையும் பதித்ததாக யாருக்கும் நினைவில்லை. ஒரு ஞாயிறன்று நானும் தந்தையாரும் நாடா பிடித்தோம். களத்துமேட்டு மூலையிலிருந்து கிணற்று மேடைவரை 62 மீட்டர் 40 சென்டிமீட்டர். படத்தில் 62 மீட்டர் 43. இடைத்தூரம் சரியே! பிறகு பழைய படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சாலை, கோயில் மதில், பெரியப்பாவின் கிணறு ஆகிய எல்லாமே வடக்கே அதே ஒன்றரை மீட்டர் தள்ளியிருந்தன. வரப்பு நகரவில்லை; முழுப்படமும் நகர்ந்திருக்கிறது. பெரியப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ என் கிணறும் நடந்து போயிடுச்சாக்கும்!” என்று சிரித்தார்.

இரு வீட்டாரும் சேர்ந்து மறு அளவைக்கு மனு கொடுத்திருக்கிறோம். வரப்போரச் சர்வே கல்லை மூடியிருந்த எருக்கஞ்செடியை வெட்டி, மண்ணை விலக்கி, மேலிருந்து பார்த்தால் தெரியும்படி தந்தையார் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார்.