99 சதவீதம் உங்கள் காலைக் காக்காது

தரம் 7 பிள்ளைகளின் பெற்றோர் ஒப்பமிட்ட தடுப்பூசிப் படிவத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஏற்புவலியும் தொண்டைக்கரப்பானும் நாட்டில் இல்லாமல் போய்விட்டன என்கிறார்களே, பிறகு 11 வயதுப் பிள்ளைக்கு எதற்கு இன்னோர் ஊசி?

நியாயமான கேள்வி. அறிக்கைகள் எதை அளந்துவிட்டு அப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள். தென்கிழக்காசியா முழுவதும் தாய்சேய் ஏற்புவலி ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே ஏற்புவலி வர வேண்டும் என்பதே அதற்கு வைத்த அளவுகோல். பெரிய சாதனைதான். ஆனால் ஐம்பது வயதுக் கரைவலைக்காரர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. இலங்கையில் கடைசித் தொண்டைக்கரப்பான் நோயாளி 1996இல் பதிவானார் என்பதும் நோயாளிகளின் கணக்கே தவிர, கிருமியின் கணக்கல்ல.

இந்த வேறுபாடு விளங்க, ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். நம்மில் பலரும் நினைப்பதுபோல் அதில் செத்த கிருமி இல்லை. கிருமி கக்கும் நஞ்சுதான் இருக்கிறது. 1920களில் கஸ்தோன் ரமோன் என்ற பிரெஞ்சு கால்நடை வைத்தியர் தொண்டைக்கரப்பான் நஞ்சோடு போமலின் கலந்து, இளஞ்சூட்டில் சில கிழமை வைத்தார். நஞ்சின் கொல்லும் குணம் போய்விட்டது. உடல் அதை அடையாளம் காணும் உருவம் மட்டும் அப்படியே நின்றது. பல் பிடுங்கிய பாம்பு மாதிரி. ஏற்புவலி நஞ்சையும் இதே முறையில்தான் பதப்படுத்துகிறார்கள். ஆகவே ஊசி போட்டவரின் உடல் நஞ்சுக்காகக் காத்திருக்கிறது. கிருமியைத் தேடிப் போவதில்லை.

ஏற்புவலி நஞ்சு மனிதரைக் கொல்ல, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 2.5 நானோகிராம் போதும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பமான நஞ்சு ஆளைச் சாகடிக்கும், ஆனால் உடலுக்கு எதையும் கற்றுக்கொடுக்காது. அதனால்தான் ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம். அவரும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

என்னைக் கவலைப்பட வைப்பது அடுத்த விடயம். ஏற்புவலி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. மண்ணிலிருந்தும் சாணத்திலிருந்தும் வருகிறது. சின்னம்மையில் ஊரெல்லாம் ஊசி போட்டால் போடாத ஒருவரும் அந்த நிழலில் தப்பலாம். இங்கே அப்படி ஒரு நிழலே இல்லை. குழந்தைகளில் 99 சதவீதமானோர் முதல் மூன்று ஊசியும் போட்டுவிட்டார்கள் என்று ஆண்டுதோறும் வெளிவரும் எண், குழந்தையின் தகப்பனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

முழங்கால் தண்ணீரில் வலை இழுக்கும்போது திருக்கை மிதிபடுகிறது என்று வையுங்கள். அரம்போன்ற முள் குதிகாலில் ஆழ இறங்கி, வெளியே வரும்போது தோலுறைத் துண்டுகளை உள்ளே விட்டுவிடும். மேலே சின்னத் துளைதான். கோப்பித்தூளை அப்பிக் கட்டிக்கொண்டு அடுத்த நாளும் கடலுக்குப் போவார்கள். துளை மூடிக்கொள்ள, காற்றுப் புகாத செத்த தசைக்குள் கிருமியின் வித்து விழித்துக்கொள்ளும். ஒரு கிழமை, பத்து நாள் கழித்து வாய் திறக்க முடியாமல் தாடை இறுகும்போது பலருக்குக் காயமே மறந்திருக்கும்.

2004இல் திருகோணமலைக் கரையை அடித்த அதே சுனாமிக்குப் பிறகு, வங்கக் கடலின் மறுகரையில் ஆச்சே மாகாணத்தில் 106 பேருக்கு ஏற்புவலி வந்தது. 20 பேர் இறந்தார்கள். இங்கே பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஏற்புவலி ஊசி கிடைக்கிறது. ஆண்களுக்குப் பாடசாலை முடிந்த பிறகு காயம் பட்டால்தான் ஊசி. 2006இல் போரில் சம்பூரை விட்டு ஓடிய பிள்ளைகள் இன்று தோணி ஓட்டுகிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் ஊசி அட்டை இருக்கும்? மாவட்டச் சுகாதாரத் துறை ஊசியை இறங்குதுறைக்கும் கரைவலைப் பாடுகளுக்கும் கொண்டுவர வேண்டும். வெறும் சதவீதம் அந்த வேலையைச் செய்யாது.

தொண்டைக்கரப்பானில் ஊசி ஊருக்கும் உதவும், ஆனால் முழுமையாக அல்ல. அந்தப் பற்றீரியாவுக்கு நஞ்சு உண்டாக்கும் மரபணுவைக் கொடுப்பது அதைத் தொற்றும் ஒரு வைரஸ் என்று 1951இல் கண்டறிந்தார்கள். ஊசி தடுப்பது நஞ்சை மட்டுமே என்பதால், ஊசி போட்ட தொண்டையிலும் கிருமி சத்தமில்லாமல் தங்கலாம். ஊசி குறையும் இடத்தில் நோய் திரும்பிவரும். 2017 நவம்பரில், இதே வங்கக் கடலோரத்துக் கொக்ஸ் பசார் ரோஹிங்கியா முகாம்களில் பரவத் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு அது வந்தது.

11 வயது ஊசி ஆறாவது. 2, 4, 6 மாதங்களில் மூன்று, 18ஆம் மாதத்தில் ஒன்று, 5 வயதில் ஒன்று, பிறகு இது. ஆறும் முடிந்தால் பாதுகாப்பு பல பத்தாண்டுகள் நிற்கும். ஐந்தோடு நிறுத்தினால் அவ்வளவு காலத்துக்கு உறுதியில்லை.

மற்றக் கேள்விகள். அட்டை தொலைந்துவிட்டதா? ஒன்றுமே போடாதவராக எண்ணி மூன்று ஊசி: இன்று, நான்கு கிழமை கழித்து, பிறகு ஆறு மாதத்துக்கு மேல். துருப்பிடித்த ஆணியா? துரு காரணமல்ல, ஆழமும் அழுக்கும்தான். காயத்துக்குப் போன வருடம் போட்ட ஊசி போதுமா? ஏற்புவலிக்கு மட்டுமான ஊசி என்றால் தொண்டைக்கரப்பானுக்கு உதவாது. எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அழுக்குக் காயமா? கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மீண்டும் ஒன்று. கை வீங்குமா? ஓரிரு நாள். கர்ப்பிணிகள்? போட வேண்டும், எத்தனை என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் அட்டையைப் பார்த்துச் சொல்வார். வெள்ளிக்கிழமை தவறிவிட்டால்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அட்டையையும் எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள்.