உட்கார்ந்தவர் எழுந்திருக்கும் உரிமை

2021-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாட்டுச் சட்டசபை சிறியதொரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 1947-ஆம் வருஷத்துக் கடைகள், ஸ்தாபனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு அதனால் சேர்ந்தது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்யும் சிப்பந்திகளுக்கு, அவகாசம் கிடைக்கும்போது உட்கார ஆசனம் இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. தாமதித்து வந்தாலும் இது நியாயமான சட்டம். நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் நின்று நொந்த கால்களைக் கண்ட சர்க்காரின் கண்ணுக்கு, உட்கார்ந்து நொந்த முதுகும் மரத்துப்போன விரலும் இன்னும் தென்படவில்லை.

திருவண்ணாமலை 1989 செப்டம்பர் 30-ந் தேதி தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. அன்று முதல் இவ்வூரில் காரியாலயங்கள் பெருகின. வேங்கிக்காலில் கலெக்டர் கச்சேரி, ஊருக்குள் தாலுகா ஆபீஸ், பத்திரப் பதிவு, பாங்குகள், இ-சேவை மையங்கள் என எங்கு நுழைந்தாலும் ஒரு கணிப்பொறித் திரையும் அதற்கு முன் குனிந்த ஒரு தலையும் கண்ணில் படும். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் வரும் குடியானவர் ஜன்னலுக்கு வெளியே நின்று முணுமுணுக்கிறார். உள்ளே இருப்பவர் ஃபானுக்குக் கீழே சுகமாக உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருடைய எண்ணம். அந்தச் சுகத்தின் யோக்கியதையை அறிய வேண்டுமானால், மாலையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் குமாஸ்தாக்களைக் கவனித்தால் போதும். ஒருவர் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். இன்னொருவர் மணிக்கட்டை உதறுகிறார். இரவில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது என்று அவர்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இது சோம்பலுமல்ல, கற்பனையுமல்ல. மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. அது தோள்களுக்கு நேர்மேலே நிற்கும் வரையில் கழுத்துக்குப் பாரம் தெரிவதில்லை. தாழ்ந்த திரையைப் பார்க்க முன்னே சாய்ந்துவிட்டாலோ, அந்த எடையை இழுத்துப் பிடிக்கும் வேலை முழுவதும் பின்கழுத்துத் தசைகளின் மேல் விழுகிறது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு பட்டைத் தசைநாருக்கும் நடுவே குறுகிய வழியொன்று உண்டு. விரல்களை மடக்கும் நாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே நெருக்கியடித்துச் செல்கின்றன. கையை மேல்நோக்கி வளைத்தபடி நாள் முழுவதும் விசைகளைத் தட்டினால் அங்கே வீக்கம் கண்டு, நரம்பு நசுங்குகிறது. ஆரம்பத்தில் ஓய்வினால் தீரும் இந்நோய், கவனியாமல் விட்டால் சஸ்திர சிகிச்சை வரை கொண்டுபோய் விடுகிறது.

வியாதியும் புதியதன்று. இத்தாலிய வைத்தியர் ராமாஸினி 1713-ஆம் வருஷத்திலேயே எழுத்தர்களின் நோய்களைப் பற்றி எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்தல், தப்பு நேருமோ என்ற மனக்கவலை என்று மூன்று காரணங்களை அவர் கூறினார். இன்றைய குமாஸ்தாவைப் பார்த்தே எழுதினாரோ என்று தோன்றுகிறது! இங்கிலாந்தில் தந்திக் குமாஸ்தாக்களின் கைப்பிடிப்பு நோய்க்கு 1908-இல் நஷ்டஈட்டுச் சட்டத்தில் இடம் கிடைத்தது. அதே வெள்ளையர் சர்க்கார் 1923-இல் நம் நாட்டுக்கென்று செய்த நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஈய விஷத்துக்கும் பாஸ்பரஸ் விஷத்துக்கும் இடம் தந்தது. எழுதிப் பிழைப்பவனின் கையை மறந்துவிட்டது. தன் நாட்டுக் கைக்கு ஒரு நீதி, அடிமை நாட்டுக் கைக்கு ஒரு நீதி. அந்நியர் போய் எத்தனையோ வருஷங்கள் ஆன பிறகும் அந்த மறதியை நாம் பத்திரமாகக் காப்பாற்றி வருவதுதான் வேடிக்கை.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் அவ்வளவு அசட்டையாக இருந்ததில்லை. பழைய மண்டிக் கடையின் கணக்குப்பிள்ளை பாயில் அமர்ந்து எழுதியது சாய்வான மேஜைப் பெட்டியின் மேல். பேரேடு கண்ணை நோக்கி எழுந்து நின்றது, அவர் கழுத்து அதை நோக்கித் தாழவில்லை. பின்னர் டைப்ரைட்டர் வந்தபோது அதற்கென்று உயரம் குறைந்த மேஜை வந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் பாடமே நிமிர்ந்து உட்காருவதும் முழங்கையை விலாவோடு வைத்துக்கொள்வதுந்தான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் உருளையைத் தள்ளவேண்டும்; ஒவ்வொரு பக்கத்துக்கும் காகிதம் மாற்றவேண்டும். விரல்களுக்கு அவை இயந்திரமே அளித்த ஓய்வு. கணிப்பொறி அந்த ஓய்வையெல்லாம் பறித்துக்கொண்டது. காகிதமில்லை, உருளையில்லை, ஒரு மனு முடியுமுன் அடுத்த மனு திரையில் வந்து நிற்கிறது. பேனாவுக்கும் பைலுக்கும் செய்த 75 சென்டிமீட்டர் மேஜையிலேயே விசைப்பலகையை வைத்து, சர்க்கஸ்காரனைப்போல் தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச் சொல்கிறோம்.

பரிகாரம் அதிகச் செலவுள்ளதா? இல்லை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கவேண்டும். முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரத்தில் விசைப்பலகை வேண்டும். பாதம் தரையில் படியவேண்டும். படியாதவருக்கு ஒரு மரப்பலகை போதும். மடிக் கணிப்பொறியை நான்கு தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துவிட்டால் கழுத்து தப்பிக்கும். இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷமாவது எழுந்து நடமாடுவது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும் ஊர் இது. ஆனால் பௌர்ணமியன்று நடந்தது மறுநாள் எட்டு மணி நேரம் அசையாமல் இருப்பதற்கு ஈடாகாது.

ஐரோப்பிய நாடுகள் 1990-லேயே ஒரு பொது விதி செய்து, திரைக்கு முன் வேலை செய்வோருக்கு இடைவேளையும் கண் பரிசோதனையும் கட்டாயமாக்கின. நம் 1947-ஆம் வருஷத்துச் சட்டமோ நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி ஓய்வு என்கிறது. துணி மடிப்பவருக்கு அது போதலாம். விரல் நரம்புக்குப் போதாது. போகட்டும், அந்த அளவுகூடச் சர்க்கார் காரியாலயங்களுக்குக் கிடையாது. அச்சட்டத்தின் 4-வது பிரிவு மத்திய, மாகாண சர்க்கார்களின் ஸ்தாபனங்களுக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. பதினைந்து நாளுக்கு மேற்படாத திருவிழாக் கடைகளுக்கும் அதே பிரிவில் விலக்கு உண்டு. அதற்காவது காரணம் உண்டு; தீபத் திருவிழாக் கடைகள் பத்து நாளில் கலைந்துவிடும். கலெக்டர் கச்சேரி கலைவதில்லையே! ஜவுளிக்கடை முதலாளிக்கு நாற்காலி போடும்படி உத்தரவிட்ட சர்க்கார், தன் வீட்டு வாசலில் அந்தச் சட்டத்தை நிறுத்திவிட்டது.

எழுந்து நடந்தால் வேலை தேங்கும் என்று மேலதிகாரிகள் சிலர் சொல்லக்கூடும். விரல் மரத்தவர் தட்டும் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், அதைத் திருத்தக் குடியானவர் எத்தனை முறை பஸ் ஏறவேண்டும் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவேண்டும். அன்றியும் இவ்வேலையில் பலர் தற்காலிக ஊழியர்கள், தொகுப்பூதியக்காரர்கள். கை வலிக்கிறதென்று சொன்னால் நாளை வேறொருவர் அந்த நாற்காலியில் இருப்பார் என்ற பயத்தினால் அவர்கள் வாய் திறப்பதில்லை. கை போனால் அவர்களுக்குப் பிழைப்பும் போகும். கட்சி வேறுபாடின்றி ஊழியர் சங்கங்களும் நம் தொண்டர்களும் பேசவேண்டியது இவர்களுக்காகத்தான்.

சட்டசபை கூடி 4-வது பிரிவைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தன் காரியாலயங்களில் மேஜையின் உயரத்தையும் ஓய்வு நேரத்தையும் நிர்ணயிக்கச் சர்க்காரின் உத்தரவு ஒன்றே போதும். ஜில்லா அளவில் கலெக்டரே இதைத் தொடங்கி வைக்கலாம். வேங்கிக்காலில் உள்ள மேஜைகளை அளக்க ஓர் அளவு நாடாவும், கால்பலகை செய்ய ஒரு தச்சரும் போதும். ஜன்னலுக்கு வெளியே காத்திருப்பவரும் கோபிக்காதிருக்க, ஐந்து நிமிஷ இடைவேளையின் நேரத்தை அங்கேயே ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடட்டும்.