குளத்தில் இறங்கிய விண்கலம்: சத்யஜித் றேயின் எடுக்கப்படாத திரைப்படம்

வங்க நெறியாளர் சத்யஜித் றே ‘தி ஏலியன்’ என்னும் விஞ்ஞானப் படத்தை எடுக்க முயன்று முடியாமற்போன வரலாறு, பெரும்பாலும் ஒரு களவு பற்றிய பேச்சாகவே நினைவுகூரப்படுகின்றது. 1982இல் ஸ்பீல்பேர்க்கின் ‘ஈ.ரி.’ வெளிவந்தபொழுது, இரண்டுக்குமுள்ள ஒற்றுமையைக் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் றேக்கு எடுத்துரைத்தார். தமது திரைக்கதையின் றோனியோப் பிரதிகள் அமெரிக்காவில் உலவியிராவிடின் அப்படம் தோன்றியிராது என்பது றேயின் கருத்து. ஸ்பீல்பேர்க் அதனை மறுத்தார். இதில் தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. எவரும் எடுத்துக்கொள்ளாமலே அழிந்த பகுதி எது என்பதே எமது வினா.

1962இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் றே எழுதிய ‘பங்குபாபுவின் நண்பன்’ என்ற சிறுகதையே இதன் வித்து. ஊராரின் கேலிக்கு ஆளான கிராமத்து ஆசிரியர் ஒருவர் வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கும் கதை அது. 1967இல் திரைக்கதையானபோது அது பெரிதும் மாறிவிட்டது. விண்கலம் வங்கக் கிராமமொன்றின் தாமரைக்குளத்தில் இறங்குகின்றது. நீருக்குமேல் தெரியும் அதன் கூர்முனையைக் கண்ட மக்கள், அமிழ்ந்திருந்த கோயில் எழுந்ததெனக் கொண்டு வழிபடுகின்றனர். மார்வாடி வணிகர் ஒருவரோ குளத்து நீரை இறைத்து, சலவைக்கல் பதித்து, தம் பெயரைப் பொறிக்க விரும்புகின்றார். அதற்கு அவர் நாடுவது, குழாய்க்கிணறு தோண்டவந்த அமெரிக்கப் பொறியியலாளரை. வேற்றுக்கிரகவாசியோ ஓரிரவில் நெற்கதிர்களை முற்றச்செய்து விளையாடித் திரிகின்றது.

கல்முனை, சம்மாந்துறை வயற்புறத்தார்க்கு அப்பொறியியலாளர் அந்நியரல்லர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ் இங்கினியாகலை அணையைக் கட்டியது மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனியே. இயந்திரம் வந்தது, அணை எழுந்தது. நீர் முதலில் யாருக்கு என்ற கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை என்பதை வாய்க்காலின் கடைக்கோடியில் உழுபவன் அறிவான். றேயின் குளக்கரையிலும் அக்கேள்வியே நிற்கின்றது: புதிய பொருளொன்று வந்திறங்கினால் அதற்குப் பொருள் சொல்பவர் யார், உரிமை கொள்பவர் யார்? ‘ஈ.ரி.’யில் சிறுவனும் அன்பான விருந்தாளியும் உளர். குளமும் வணிகரும் இல்லை.

உரிமைச் சிக்கல் படத்தின் பிறப்பிலேயே இருந்தது. கிளார்க் மூலம் றேயுடன் தொடர்புகொண்டவர் மைக் வில்சன். முதலாவது முழுநீள வர்ணச் சிங்களப் படமான ‘ரன் முத்து தூவ’வை 1962இல் நெறிப்படுத்தியவர். அதற்கு முன்னரே, 1956 அளவில், திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்ட சுழியோடி. (அமிழ்ந்த கோயில் என்ற கற்பனை றேயுடையதே, எனினும் இப்பொருத்தம் வியப்புக்குரியது.) கொலம்பியா நிறுவனம் அக்கறை காட்டியது. வணிகராக நடிக்க இசைந்த பீற்றர் செல்லர்ஸ் பின்னர் விலகினார். ஹொலிவூட் சென்ற றே, தாம் எழுதிய திரைக்கதையின் பிரதிகளில் உரிமையாளராக வில்சனின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கக் கண்டதாக 1980இல் ‘ஸ்ரேற்ஸ்மன்’ பத்திரிகையில் எழுதினார். குளத்தருகே தம் பெயரைப் பொறிக்க விரும்பிய வணிகரை அவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்!

வில்சன் பின்னர் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார். றேயை இராவணன் என விளித்து, சீதையை அவரே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் கடிதமெழுதி உரிமையை விட்டுக்கொடுத்தார். ஆயினும் படம் எடுக்கப்படவில்லை. றே 1992இலும் வில்சன் 1995இலும் காலமாயினர். திரைக்கதையும் கடிதங்களும் 2018இல் நூலுருப் பெற்றன.