வெடக்கோழியையும் கொஞ்சம் கவனிங்க

குஞ்சு பொரித்த அன்று வீடே கூடி நின்று எண்ணுகிறோம். முட்டையிடும் கோழி எந்த மூலைக்குப் போகிறது என்று பின்னாலேயே போகிறோம். நடுவில் இருக்கும் வெடக்கோழியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டு, மூன்று மாதத்தில் தாய் கொத்தி விரட்டிவிடும். நாட்டுக்கோழி முதல் முட்டையிட ஆறு மாதமாவது ஆகும். அதுவரை அதற்குத் துணை நாம்தான்.

காலையில் கம்பையோ சோளத்தையோ ஒரே இடத்தில் இறைத்தால், பெரிய கோழிகள் வளைத்துக்கொள்ளும். வெடை ஓரமாக நின்று பார்க்கும். இரண்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளிப் போடுங்க. சாயங்காலம் அடைய வரும்போது கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்க. நிறைந்து உருண்டையாக இருக்கணும். தொளதொளவென்று இருந்தால் அது அன்றைக்கு வயிறார மேயவில்லை. விடிந்த பிறகும் இரைப்பை கல்லு மாதிரி இருந்தால் செரிக்கவில்லை என்று அர்த்தம்.

பழைய பானையில் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் காய்ந்த ஓலையும் திணித்து, கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் செலவில்லாத தீனி. வெயில் ஏறும் முன்னே எடுத்துவிடுங்க.

"இயற்கை விவசாயத்துல ஊசி எதுக்கு?" என்று நம்மாட்களே கேட்கிறார்கள். மஞ்சள், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது, கூடே காலியாகும். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. இதில் பிடிவாதம் வேண்டாம். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே வையுங்க.

கொண்டை சிவந்து, கேறிக்கொண்டே மூலை மூலையாகத் தேடினால் முட்டைக்குத் தயார். இருட்டான இடத்தில் வைக்கோல் போட்ட கூடையை முன்கூட்டியே வைத்துவிடணும். கிளிஞ்சல் தூளை அப்போது தனித் தட்டில் வைத்தால் போதும். வளரும்போதே தீனியில் நிறையக் கலந்தால் சிறுநீரகம் கெடும். முதலில் வரும் சின்ன முட்டைகளை அடை வைக்காமல் சாப்பிட்டுவிடலாம்.

நாலு மாத வெடைக்கு வியாபாரி நல்ல விலை சொல்வார். உபரிச் சேவலைக் கொடுங்க. ஒழுங்காக அடைகாத்து, பருந்திடம் குஞ்சைப் பறிகொடுக்காத தாயின் வெடைகளைக் கொடுக்காதீங்க. அடையாளத்துக்குக் காலில் வண்ண நூல் கட்டலாம். கால் தடிக்கத் தடிக்க அவிழ்த்துத் தளர்த்திக் கட்டணும்.