பதிய 15 நாள், திருத்த 30 நாள்

2025 ஜனவரி 1 நெருங்க நெருங்க, விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே கேள்விதான்: 'கட்டி முடித்த குழுக் கடன் சிபிலில் இன்னும் பாக்கி என்றே நிற்கிறது. புத்தாண்டில் தானாகப் போய்விடுமா?'

போகாது. அதுவரை சிபில் போன்ற நிறுவனங்களுக்கு மாதம் ஒருமுறை கடன் விவரம் அனுப்பிவந்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2025 ஜனவரி 1 முதல் 15ஆம் தேதி, மாதக் கடைசி என இருமுறை கணக்கெடுத்து, ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்றானது. ரிசர்வ் வங்கியின் உத்தரவு இவ்வளவுதான். கடன் வாங்குவோருக்கு நன்மை என்கிறார்கள். தவணை தவறாதவருக்கு நன்மைதான். கடன் கோப்பே தப்பாக இருப்பவருக்கு?

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் யாரும் நம்மை நேரில் பார்த்ததில்லை. கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் பட்டியல்களில் பெயர், பிறந்த தேதி, பான், வாக்காளர் அட்டை எண், கைப்பேசி எண், முகவரி எவையெவை ஒத்துப்போகின்றன என்று பார்த்து, 'இது ஒரே ஆள்' எனக் கணினி முடிவு செய்கிறது. கோப்பு என்பது அந்த முடிவுதான்.

இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் ஊரில் இது எப்படிச் சரிவரும்? கல்யாணத்துக்கு முன் எம். லட்சுமி, பின்பு கே. லட்சுமி. பெயருக்கான ஆங்கில எழுத்துகள் வாக்காளர் அட்டையில் ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்ததால் தேதி ஜனவரி 1. கடன் படிவத்தில் கொடுத்தது மகனின் பழைய செல் நம்பர். முகவரி மாரியம்மன் கோயில் தெரு. திண்டிவனத்தைச் சுற்றி அந்தத் தெரு இல்லாத ஊர் உண்டா? பான் அட்டையும் இல்லையென்றால், யாரோ ஒரு லட்சுமியின் பாக்கி இவர் தலையில் விழலாம். இவர் வாராவாரம் கட்டியது வேறொரு கோப்பில் ஒதுங்கி, கட்டிய பேரே இல்லாமலும் போகலாம்.

இதைவிட என்னை உறுத்துவது திருத்தும் முறை. கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் கோப்பில் ஒரு வரியைக்கூட மாற்ற சிபிலுக்கு அதிகாரமில்லை. நாம் கொடுக்கும் புகார், தப்பாக எழுதி அனுப்பியவரிடமே விசாரணைக்குப் போகிறது. அவர், 'எங்கள் கணக்கு சரி' என்று பதில் போட்டால் அந்த வரி அப்படியே நிற்கும். அவருக்கு 21 நாள் அவகாசம். மொத்தம் 30 நாள். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரல் முதல் இருக்கும் இந்த விதியைப் பெரிய பாதுகாப்பு என்கிறார்கள். 2024-25இல் நூறு நாள் வேலையிலேயே ஒரு நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. கிளைக்கு ஒருமுறை போய்வந்தால் மூன்று நாள் இழப்பீடு அதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே வாய்மொழிப் புகார் வேண்டாம். எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். நாள் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடும். கடைசித் தவணை பதிந்த கடன் அட்டை, கணக்கு முடிந்ததற்கான கடிதம் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

மற்ற கேள்விகள்:

கடன் அறிக்கைக்குப் பணம் உண்டா? நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும்.

நாமே பார்த்தால் சிபில் மதிப்பெண் குறையுமா? குறையாது.

'செட்டில்மென்ட்' செய்து முடித்தேனே? தள்ளுபடி போக மீதி கட்டியதாகத்தான் பதிவாகும். அடுத்த வங்கி அதைக் குறையாகவே பார்க்கும்.

அடகுக்கடையில் ஒழுங்காக வட்டி கட்டினால் மதிப்பெண் ஏறுமா? பெரும்பாலும் அது கோப்புக்கே வராது. வங்கி நகைக்கடன் வரும்.

கெட்ட பேரை மாற்ற வழி? சிறிய நகைக்கடன், அல்லது வைப்புத்தொகையின் பேரில் தரும் கிரெடிட் கார்டு. ஒரு தவணையும் தவறக் கூடாது.

பணம் கொடுத்தால் சிபிலை அழித்துத் தருவதாகச் சொல்கிறார்களே? சரியாக இருக்கும் பதிவை யாராலும் அழிக்க முடியாது. கொடுத்த பணம்தான் போகும்.

புகாரைத் தள்ளிவிட்டார்கள் என்றால்? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. விவரம் கேட்க 14448.