பழைய ஆயில் எஞ்சினைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களின் கரிசல் நிலங்களிற் பெரும்பகுதி மானாவாரி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் குதிரைவாலியும் மல்லியும் விதைக்கப்படுகின்றன. கிணறுள்ள குடியானவர் மிளகாயும் வைக்கிறார். தை மாசத்தில் மழை நின்றபின் அம்மிளகாய்க்கு இரண்டு தண்ணீர் கிடைத்தால் காய்ப்பு நீடிக்கும். கிடைக்காவிடில் பூ உதிர்ந்து, போட்ட முதலும் போய்விடும். அச்சமயத்தில் கிணற்று மேட்டிலுள்ள பழைய எஞ்சின் பழுதானால், அதை மராமத்துச் செய்வதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா என்பது சாமானியமான கேள்வியன்று.

பலர் உடனே முன்னதைவிடப் பெரிய எஞ்சினையே நாடுகின்றனர். கிணற்றை அளவாமல் எஞ்சின் வாங்குவது கடனுக்கே வழி. 20 அடிச் சதுரக் கிணற்றில் நீரை இறைத்துவிட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறதென்று பார்க்க வேண்டும். அரை அடி ஏறினால் ஊற்று மணிக்குச் சுமார் 5,600 லிட்டர். 5 குதிரைச் சக்தி எஞ்சினோ, பாதிச் சக்தி பம்பிலும் குழாயிலும் வீணானாலும், 50 அடி ஆழத்திலிருந்து மணிக்கு 45,000 லிட்டர் இறைக்கும். பத்தடி நீர் மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும். 7½ குதிரைச் சக்தி வைத்தால் இரண்டு மணிக்குள் தீரும். கிடைக்கும் நீர் ஏறக்குறைய அதுவே. ஓர் ஏக்கருக்கு இரண்டங்குலம் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். கமலை இறைத்த காலத்தில் மாட்டின் களைப்பு ஊற்றுக்கு ஓய்வளித்தது, எஞ்சினுக்குக் களைப்பில்லை.

அடுத்து பம்பு இருக்குமிடம். நீர்மட்டத்திற்கு 20, 22 அடிக்கு மேல் பம்பு இருந்தால், எந்த எஞ்சினாலும் நீர் ஒழுங்காய் ஏறாது. பம்பைக் கீழே இறக்குவதே அதற்குப் பரிகாரம். இரண்டரை அங்குலக் குழாயை மூன்றங்குலமாக மாற்றினால், அதே அளவு நீருக்கு உராய்வு பாதிக்கும் கீழே குறையும். இவ்விரண்டையும் செய்தபின் பழைய எஞ்சினே போதுமென்று தெரிவதுண்டு.

எஞ்சினைப் பார்க்கும்போது, நீலப் புகை பிஸ்டன் வளையங்களும் லைனரும் தேய்ந்ததைக் காட்டும். கரும்புகை அதிக பாரத்தையோ இஞ்செக்டர் கோளாற்றையோ காட்டும். இவை மாற்றத்தக்கவை. சிலிண்டர் பிளாக்கில் விரிசல் கண்டாலோ, கிராங்கு ஷாப்டு வளைந்தாலோ, உதிரிச் சாமான் அகப்படாவிட்டாலோ பணம் போடுவது வீண். மராமத்துச் செலவு புது எஞ்சின் விலையிற் பாதியை எட்டினாலும் அவ்வாறே.

மாற்றுவதென்று தீர்மானித்தால் மறுபடி டீசல் எஞ்சின்தான் வேண்டுமென்பதில்லை. 5 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் ஆகும். தமிழ்நாட்டில் 1990-ம் வருஷம் முதல் எல்லா விவசாய பம்பு செட்டுகளுக்கும் மின்சாரம் இலவசம்; ஆனால் புது இணைப்புக்குக் காத்திருக்க நேரிடுகிறது. மெதுவாய் ஊறும் கிணற்றுக்குச் சூரிய சக்திப் பம்பு பொருத்தமானது. பகல் முழுதும் சிறுகச் சிறுக இறைப்பதால் ஊற்றோடு ஒத்துப்போகும். தை, மாசியில் வெயிலுக்கும் குறைவில்லை. 2019-ம் வருஷத்துப் பி.எம். குசும் திட்டத்தில், டீசல் எஞ்சினுக்குப் பதிலாக வைக்கும் இத்தகைய பம்புக்கு மத்திய சர்க்கார் 30 சதவிகிதமும் மாநில சர்க்கார் குறைந்தது 30 சதவிகிதமும் அளிக்க ஏற்பாடாயிற்று. மனுச் செய்யுமுன், அப்போதுள்ள மானிய விகிதத்தை வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரித்து, ஊற்றின் அளவையும் எழுதிக்கொண்டு போவது நலம். அந்த அளவை மழைக்காலத்தில் எடுத்தால் ஏமாற்றும்; மாசியில் எடுக்க வேண்டும்.